மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்து

மனமானியைத் திறந்து வைத்த அமைச்சர்தான் அதற்கு முதல் பலியும் ஆனார்.

"இனி மக்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை, மனதார நினைத்தால் போதும்" என்று தொடங்கி, ஜனநாயகத்தின் வரலாற்றை ஆதிமனிதனிலிருந்து அவர் விளக்கிக்கொண்டிருந்தார். வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று ஒரு பொறியாளர் அதை இயக்கிவிட்டார். மைதானத்தின் நான்கு மூலைகளிலும் நட்டிருந்த கம்பங்கள் மெல்ல முனகின. அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் மண்டைக்குள் அந்த நிமிடம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற ஆசை எது என்று துழாவின. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பொதுவாக இருந்ததைப் பெரிய பலகையில் எழுதின: 'இவர் பேச்சை முடிக்கணும்.'

பலகையில் வருவதை அரசு நிறைவேற்றியே தீர வேண்டும் என்ற சட்டம் அன்று காலையே அமலுக்கு வந்திருந்தது. இரண்டு காவலர்கள் சல்யூட் அடித்துவிட்டு அமைச்சரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள்.

சட்டம் எளிமையானது. மைதானத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு வரை ஆட்கள் நிரம்ப வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும்போது பலகையில் என்ன வருகிறதோ அதுதான் கோரிக்கை. கோஷம் செல்லாது, பொய் செல்லாது, உண்ணாவிரதம் செல்லாது. ஒரு பிரச்சினைக்கு ஒரே ஒரு தடவைதான் வரலாம்.

ஆரம்பத்தில் பணக்காரர்கள் பயந்துதான் போனார்கள். அவர்கள் குடியிருந்த ஆர்கலி கோபுரங்களில் வீட்டுக்கு இரண்டு பூட்டு போட்டார்கள். பிறகு ஒவ்வொரு கூட்டமாக முடிவுகள் வந்தன. விவசாயிகள் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள்; பலகையில் 'நிழல்' என்று வந்தது. அரசு உடனே பந்தல் போட்டுக் கொடுத்தது. செவிலியர்கள் உட்கார்ந்தார்கள், 'பாத்ரூம்' என்று வந்தது. மாணவர்களுக்கு 'பிரியாணி எப்ப வரும்' என்று வந்தது. அரசாணை போட்டு, பிரியாணியும் வந்தது. கோபுரங்களில் ஒரு பூட்டைக் கழற்றினார்கள்.

ஏழையின் மனதில் நியாயம் இல்லாமல் இல்லை. அது வரிசையில் பின்னால் நிற்கிறது. அதற்கு முன்னால் தாகம், பசி, மூத்திரம் எல்லாம் முண்டிக்கொண்டு நிற்கின்றன. மனமானிக்கு வரிசையில் முதல் ஆளிடம் மட்டும்தான் பேச்சு.

ஆர்கலி கோபுரங்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை. அத்தனை மாடிகளிலிருந்தும் உறிஞ்சி எடுக்கிற வெக்கை எங்காவது போயாக வேண்டுமே. பூமிக்கடியில் ஒரு குழாய் வழியாக அது உப்புத்தொட்டி என்ற குப்பத்துக்குப் போய்த் தெருவில் வெளியேறியது. அரசுக் கோப்பில் அந்த இடத்துக்கு 'அனல் விடுவிப்பு முனையம்' என்று பெயர். உப்புத்தொட்டியில் அதைப் பேய்வாய் என்றார்கள்.

போன சித்திரையில் பேய்வாய்க்கு எதிரே உட்கார்ந்து படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த சூசை அப்படியே சாய்ந்தார். பிழைத்தார், ஆனால் பேச்சு போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். "இன்னொரு கோடை இந்த மாதிரி வெக்கைல இருந்தா தாங்க மாட்டாரும்மா" என்று டாக்டர் அவர் மனைவி பிலோமினாவிடம் சொன்னார். பிலோமினா மீன் விற்கிறவள். அவள் வீட்டுக்கு நேரெதிரே இரண்டாவது பேய்வாய்க்குப் பள்ளம் தோண்டி சிமெண்ட் வளையமும் இறக்கியாகிவிட்டது. இந்தச் சித்திரையில் திறப்பு. வேறு இடம் பார்க்கலாமே என்று அவளுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லோரும் வேறு இடத்தில் குடியிருந்தார்கள்.

எனவே அவள் வெக்கை நீதிப் பேரியக்கத்தின் கூட்டத்துக்குப் போனாள்.

பேரியக்கத்தின் தலைவர் முனைவர் இளந்திரையன், ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர். நாற்பத்தோரு அம்சக் கோரிக்கையை வரைந்து வைத்திருந்தார். ஒரு தோழர் சொத்து வரியை முதல் அம்சமாக வைக்க வேண்டும் என்றார். இன்னொருவர் கோபுரங்களையே அரசுடைமை ஆக்கச் சொன்னார். ஒரு கவிஞர் வானத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்டார். அதை யாரும் எதிர்க்கவில்லை. பிலோமினா எழுந்து நின்றாள்.

"சார், எங்க வூட்டு எதுர்ல அந்த வாய் வேணாம். அவ்ளோதான்."

"அது கோரிக்கை அல்ல தோழர், அறிகுறி" என்றார் இளந்திரையன் கனிவாக. "நோய் என்பது செல்வம் சிலரிடம் மட்டும் குவிவது. நாம் நோயைத் தாக்க வேண்டும்."

"அந்த அறிகுறிதான் சார் எங்க வூட்டுக்காரர சாவடிக்கப் போவுது. நோய நீங்க அப்பால பாருங்க."

அருமையான வாக்கியம் என்று இளந்திரையன் அதைக் குறித்துக்கொண்டார், தன் உரையில் சேர்க்க.

"ஐயா, அம்சமெல்லாம் அப்புறம். மைதானத்துல 'பாத்ரூம்'னு வந்துட்டா என்ன பண்றது?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டதும்தான் வாதம் நின்றது. பிலோமினாவுக்கு ஒரு ஆளைத் தெரியும். மறுநாள் இளந்திரையனை அவனிடம் அழைத்துப் போனாள்.

தணிகாசலம் கூட்டம் பிடிக்கிறவன். எல்லாக் கட்சிக்கும் லாரி லாரியாக ஆள் ஏற்றியவன். ஒரே கிழவரைக் காலையில் ஒரு கரை வேட்டியிலும் மாலையில் வேறு கரை வேட்டியிலும் கண்ணீர் விட வைத்தவன். மனமானி வந்ததிலிருந்து தொழில் படுத்துவிட்டது. அவன் கூட்டிப்போகிற ஆட்களின் மனதில் எப்போதும் ஒரே ஆசைதான் வந்தது: 'லாரி எப்ப கெளம்பும்.' பிளாஸ்டிக் நாற்காலிகள் குவிந்திருந்த கிடங்கில் அவர்களை உட்கார வைத்தான்.

"ஆளு ஒங்ககிட்ட கீது சார். ஒங்ககிட்ட இல்லாதது காலி வயித்துக்குச் சோறு, நெறஞ்ச வயித்துக்குக் கக்கூஸு."

"நாங்கள் மக்களின் பிரக்ஞையை நம்புகிறோம்" என்றார் இளந்திரையன்.

"நம்புங்க. ஆனா பிரக்ஞைக்கும் ஒண்ணுக்கு வரும் சார்."

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தான். மனமானியின் குட்டி, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத சாமான். பேச்சுவாக்கில் அதை இளந்திரையனின் பக்கம் நீட்டினான். சின்னத் திரையில் எழுத்து வந்தது: 'பேனர்ல என் பேரு மேல வரணும்.'

"பழுதடைந்த கருவி" என்றார் இளந்திரையன்.

"ஆமா சார், எல்லாருகிட்டயும் இப்டித்தான் பழுதாவுது" என்றான் தணிகாசலம். "இப்ப நான் சொல்றத கேளுங்க. கூட்டத்த வெக்கைல ஒக்கார வெச்சா நெழலு கேக்கும். வயிறு நெறய சோறு போடு. நல்ல சேர் போடு. குழந்தைங்கள தூங்க வெக்க தொட்டில் கட்டு. மைதானத்த மூணு பக்கமும் மூடி, குளு குளுன்னு குளிரக் குடு. எம் மச்சான் கல்யாணத்துக்கு குளிர் மெஷினு வாடகைக்கு வுடறான். ஒடம்பு வாயப் பொத்திக்கினா மனசு பேசும். அஞ்சு மணிக்கு நீ கேக்குறது தானா பலகைல வரும். முக்கியமா, பேச்சாளர் யாரும் வேணாம்."

கடைசி நிபந்தனைதான் கஷ்டமாக இருந்தது. மேடையும் ஒரு பொன்னாடையும் உண்டு என்று தணிகாசலம் ஒப்புக்கொண்ட பிறகுதான் இளந்திரையன் இறங்கி வந்தார்.

மைதானத்தில் உட்கார்ந்த அந்த நாள் தணிகாசலத்தின் வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று சொல்ல வேண்டும். உப்புத்தொட்டியே திரண்டு வந்திருந்தது. வெள்ளைக் கோடு தெரியவில்லை. சாம்பார் சாதத்தில் முருங்கைக்காய் கிடந்தது. கழிப்பறைக்கு வரிசையே இல்லை. கோடு போட்ட படுதாக்களுக்குப் பின்னாலிருந்து குளிர் மெஷின்கள் மார்கழிக் காற்றை ஊதின. பெண்கள் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டார்கள். அழுகிற குழந்தை ஒன்றுகூட இல்லை. முதல் வரிசையில் சாய்வு நாற்காலியில் சூசையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவர் நெற்றி காய்ந்திருந்தது. வாயை லேசாகத் திறந்தபடி தூங்கினார். பிலோமினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் தணிகாசலம் குட்டிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இன்னாச்சு?" என்றாள் பிலோமினா.

காட்டினான். திரையில், 'ஒண்ணும் வேணாம்.'

"எல்லாரும் அதேதான்மே. ஒரு ஆள் வுடாம. ரொம்ப நல்லா பண்ட்டேன் போல."

மனமானி அலுவலர் வித்யாசாகர் கையில் காபியுடன் அந்தப் பக்கமாக வந்தார். நாகரிகமான மனிதர். "கோரிக்கை இல்லைன்னே பதிவு பண்ணிடலாம். திருப்தியான மக்கள்னு வருஷ அறிக்கைல போட்டுப்போம்" என்றார். ஒரு பிரச்சினைக்கு ஒரு தடவைதான் என்பதை அவர் நினைவூட்டவில்லை, தேவையிருக்கவில்லை.

"பார்த்தீர்களா, கருத்தூட்டாமல் விட்டால் இப்படித்தான்" என்று பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இளந்திரையன் மேடையேறினார். செல்வம் எப்படிக் குவிகிறது, குளிர் எப்படி ஒரு மூலதனம், வெக்கை எப்படி அதன் கழிவு என்று பேசினார். சொன்னதெல்லாம் உண்மை. பத்து நிமிடத்தில் தணிகாசலம் மேடை ஓரமாகப் போய்க் கருவியை உயர்த்திக் காட்டினான். 'இவரு ஒக்காரணும்.'

"சார், அஞ்சு மணிக்குள்ள எறங்கிடுங்க. இல்லன்னா ஒங்கள எறக்குறதுதான் நம்ம கோரிக்கைனு பதிவாயிடும்."

அவர் இறங்கினார். கூட்டம் பழையபடி ஒன்றும் வேண்டாத நிலைக்குத் திரும்பியது.

பிலோமினா சூசையின் வாயோரத்தைத் துடைக்கத் துண்டை நனைக்கலாம் என்று தண்ணீர் தேடிப் படுதாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். போன வேகத்தில் நின்றாள். முகத்தில் அறைந்த காற்று அவளுக்குத் தெரிந்த காற்று. குளிர் மெஷின்களின் முதுகுகள் வரிசையாக நின்று, மைதானத்தின் இடிந்த சுவர் வழியாக அனலைத் தள்ளிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. எப்போதோ மூடிய அச்சாபீஸின் நிழலில் கொஞ்சம் வீடுகள். ஜன்னல்களில் நனைத்த சாக்குகள் தொங்கின. அவள் வீட்டு ஜன்னலில் தொங்குவதைப் போலவே.

இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் வெளியே வந்தாள்.

"யாரும்மா நீ, பொண்ணு வீடா, மாப்ள வீடா? காலைலேர்ந்து எங்கள வறுக்கிறீங்களே. அவ்ளோ பெரிய எடத்துக் கல்யாணமோ?"

"கல்யாணம் இல்லக்கா." என்றாள் பிலோமினா. "போராட்டம்."

"எதுக்கு?"

"வெக்கைக்கு எதுரா."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா நடத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிலோமினா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். மெஷின்களுக்கெல்லாம் பொதுவான பெரிய சுவிட்ச் படுதாவின் மூலையில் இருந்தது. முதல் வரிசையில் தூங்குகிற சூசை அங்கிருந்து தெரிந்தார். அவர் காய்ந்த நெற்றியைப் பார்த்தாள். பிறகு சுவிட்சை இழுத்து அணைத்தாள்.

தணிகாசலம் ஓடி வந்தான். "எவன்டா அத்த நிறுத்துனது?"

"நான்தான்."

"பைத்தியமாமே ஒனக்கு? இப்ப எல்லாம் காத்து கேக்குங்க! அஞ்சு மணிக்குப் பலகைல 'ஃபேன்'னு வரும். கெவர்மென்ட்டு ஆளுக்கொரு ஃபேனக் குடுத்து வூட்டுக்குப் போன்னும். ஒம் புருசனுக்கும் ஒரு ஃபேனு, வாங்கிக்க!"

வெக்கை மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் முந்தானைகள் தோளிலிருந்து இறங்கின. ஒரு குழந்தை அழுதது, அதைப் பார்த்து எல்லாக் குழந்தைகளும் அழுதன. யாரது, போடு என்று சத்தம் கிளம்பியது. சூசை கண் விழித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. பிலோமினா நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. மீன் கூவுகிற குரலில் பேசினாள்.

"நான்தான் நிறுத்துனேன். திட்றவங்க அப்பால திட்டுங்க. குளு குளுன்னு இருந்துச்சுல்ல? இங்கேர்ந்து எடுத்த வெக்கை எங்க போச்சுன்னு படுதாவத் தூக்கிப் பாத்துட்டு வாங்க. அவ்ளோதான்."

முதலில் இரண்டு பேர் போனார்கள், வம்புக்கு. திரும்பி வந்து எதுவும் பேசாமல் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பிறகு வரிசையாகப் போனார்கள். சுவர் ஓட்டையில் நின்று சாக்குத் தொங்கும் ஜன்னல்களைப் பார்த்தார்கள். மெஷின் முதுகில் கை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்தார்கள். வந்து உட்கார்ந்தவர்களுக்கு வியர்த்து ஊற்றியது. யாரும் காற்று கேட்கவில்லை.

மணி அடித்தது. கம்பங்கள் முனகின. பலகையில் எழுத்து வந்தது.

'எங்க தெருவுல பேய்வாய் தொறக்கக் கூடாது.'

வித்யாசாகரின் காபி ஆறிப்போயிருந்தது.

"எனக்கு இது புரியலமே" என்றான் தணிகாசலம், சத்தத்துக்கு நடுவில் அவள் காதருகே. "வெக்கைல ஒக்காந்த கூட்டம் இப்டி கேட்டதே இல்ல."

"இத்தினி நாளா பேய்வாய் வெக்கையயும் வெயிலு மாதிரி தானா வர்றதுன்னு நெனச்சினு இருந்தோம்" என்றாள் பிலோமினா, சூசைக்கு விசிறிக்கொண்டே. "இன்னிக்குத்தான் அதுக்கு ஒரு முதுகு கீது, முன்னாடி ஆளு குளு குளுன்னு ஒக்காந்துகீதுன்னு பாத்தோம்."

இளந்திரையனுக்கு மாலை விழுந்தது. ஒரே இரவில் தெருமுனையில் பேனர் முளைத்தது. 'வெக்கையை வென்ற வேங்கையே' என்று போட்டு அவர் படம், மூலையில் பெயரில்லாமல் ஒரு பெண்ணின் முதுகு. சிமெண்ட் வளையத்தை லாரி வந்து தூக்கிக்கொண்டு போனது. பிலோமினா வீட்டு வாசலில் பள்ளத்தை மூடினார்கள். அவள் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

லாரி வளையத்தை எங்கே கொண்டுபோனது என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. பிலோமினாவும் இளந்திரையனும் வித்யாசாகரின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"உங்க கோரிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேத்திட்டோம்மா" என்றார் வித்யாசாகர். "உங்க தெருவுல இனி முனையம் கிடையாது. ஆனா வெக்கை எங்கயாவது போயாகணுமே. மைதானத்துக்குப் பின்னால அச்சாபீஸ் சந்துன்னு ஒரு இடம் இருக்கு."

"அந்த சந்து ஆளுங்க?"

"அவங்களும் தாராளமா மைதானத்துக்கு வரலாம். சட்டம் எல்லாருக்கும் பொது."

"அவங்க எல்லாம் வந்து ஒக்காந்தாலும் வெள்ளக் கோடு வரைக்கும் கால்வாசிகூட நெறயாது சார்."

"அதையெல்லாம் பார்த்துத்தானே இடம் தேர்ந்தெடுத்தோம்" என்றார் வித்யாசாகர். வேலையை ஒழுங்காகச் செய்கிறவனின் பெருமிதம் அவர் குரலில் இருந்தது.

வெளியே வந்ததும் இளந்திரையன் சொன்னார், "நான் அன்றைக்கே சொன்னேன் தோழர். அறிகுறி வேறு, நோய் வேறு என்று."

"சொன்னீங்க சார்" என்றாள் பிலோமினா. அவர் சொன்னது சரிதான். நாற்பத்தோரு அம்சங்களுக்கு நடுவில் சொன்னதுதான் பிசகு.

சந்துக்காக மைதானத்துக்கு வருவீங்களா என்று தெருவில் அவள் கேட்டுப் பார்த்தாள். நம்ம தெருவுல இல்லையே, வுடு என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்கள் சொன்னது பலகையில் வந்திருந்த அதே வார்த்தைதான். மறுநாள் காலை மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அச்சாபீஸ் சந்துக்கு நடந்தாள். வழியில் தணிகாசலத்தையும் கூட்டிக்கொண்டாள். சந்தின் நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வளையம் ஓரமாகக் கிடந்தது. சாக்கு ஜன்னல்கள் மூடியே இருந்தன.

"இந்த சந்து ஆளுங்கதான் ஒக்காரணும்னு சட்டத்துல கீதா?" என்று கேட்டாள்.

"இல்ல. யாரு வேணா ஒக்காரலாம்." தணிகாசலம் தலையைச் சொறிந்தான். "ஆனா நடிக்க முடியாதுமே. அடுத்தவன் வூட்டு வெக்கை உன் மனசுல மொத ஆளா வந்து நிக்கணும். தாகத்துக்கு முன்னாடி, பசிக்கு முன்னாடி. இத்தினி வருசமா கூட்டம் புடிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சு அப்டி ஒரு கூட்டமே கெடயாது."

"கூட்டத்த அப்பால பாப்போம். மொதல்ல எனக்கு வெச்சுப் பாரு."

அவன் கருவியை எடுத்து அவள் நெற்றிக்கு நேரே பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். தணிகாசலம் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவளும் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

'மீன் கெடறதுக்குள்ள வித்தாவணும்.'

"பாத்தியா?" என்றான். "நீயே இப்டின்னா, நம்ம தெரு ஆளுங்கள நெனச்சுப் பாரு."

பிலோமினா கூடையை எட்டிப் பார்த்தாள். சங்கரா மீன்களின் மேல் போட்டிருந்த ஐஸ் பாதி கரைந்திருந்தது. அவள் யோசிக்கவெல்லாம் இல்லை. "மீனேய்!" என்று ஒரு கூவல் போட்டாள். சாக்குகள் விலகின. கதவுகள் திறந்தன. இடுப்பில் குழந்தையுடன் அந்தப் பெண்தான் முதலில் வந்தாள்.

"நீதானா? அன்னிக்கு வறுத்தது போதாதுன்னு இன்னிக்கு மீனா?"

"சங்கராக்கா. செதில் பாரு, செவுள் பாரு."

"கண்ணு செத்துக் கெடக்குது. இதுக்கு இந்த வெலயா? பாதிக்குக் குடு."

அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டு அவளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். பிலோமினாவும் விட்டுக்கொடுக்கவில்லை. தணிகாசலம் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். வெயில் ஏறியது. கடைசி மீனை அந்தப் பெண்ணின் குழந்தைக்கு என்று கொசுறாகப் போட்டாள்.

பிறகு காலிக் கூடையை உதறி, ஒட்டியிருந்த செதில்களைத் தட்டிவிட்டு, சுண்ணாம்பு வட்டத்தின் நடுவில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பெண்கள் மீன் சட்டிகளோடு அப்படியே நின்று பார்த்தார்கள்.

"உம்" என்றாள் தணிகாசலத்திடம். "இப்ப வெச்சுப் பாரு."